மூன்று ஊற்று, ஒரு சொல்



மீன் என்றவுடன் உங்கள் நினைவு கடலுக்குச் செல்லும். அல்லது வானத்துக்குச் செல்லும். நீரில் நீந்துவதும் மீன். விண்ணில் மின்னுவதும் மீன். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது இவ்விரண்டும் அல்லாத வேறொரு மீன். அஃது ஆங்கில மொழியில் வாழ்வது. எம், இ, ஏ, என் என்னும் நான்கே எழுத்துகளால் ஆனது. 'வாட் டு யூ மீன்?' என்று ஆசிரியர் வினவும்போது உங்கள் செவியில் விழுகின்றதே, அந்தச் சொல்தான். எளிய சொல் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆனால், அச்சொல் ஒரு முறை என்னைத் தலைகுனியச் செய்தது. அந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகின்றேன்.

நான் பள்ளியிறுதி வகுப்பை முடித்திருந்த காலம். மேலே படிக்க ஆசை இருந்தது, பொருள் இல்லை. உதவித் தொகை வேண்டி ஓர் அறநிலையத்துக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தொடங்கினேன். என் தந்தையார் கைத்தறி நெசவாளர். 'என் தந்தையார் எளிய மனிதர்' என்று எழுத விரும்பித் தமிழ் ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டினேன். 'எளிய' என்பதற்கு நேரே நான்கைந்து சொற்கள் இருந்தன. அவற்றுள் மிகச் சிறியதைத் தேர்ந்துகொண்டேன். சிறிய சொல்லில் எழுத்துப் பிழை நேராது அன்றோ? 'மை ஃபாதர் இஸ் எ மீன் மேன்' என்று எழுதி, எங்கள் ஆங்கில ஆசிரியரிடம் காட்டினேன்.

அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, உன் தந்தையார் உனக்கு என்ன தீங்கு செய்தார்?" என்று கேட்டார்.

"ஒரு தீங்கும் இல்லை, ஐயா. தங்கமான மனிதர்" என்றேன்.

"பின், ஏன் அவரைக் கஞ்சர் என்றும் கீழ்மகன் என்றும் எழுதியிருக்கிறாய்?" என்றார்.

எனக்கு நா எழவில்லை. அவர் அந்த வரியை அடித்துவிட்டு, 'எ மேன் ஆஃப் ஸ்மால் மீன்ஸ்', அதாவது 'சிறிய வருவாய் உடையவர்' என்று திருத்தினார். என் வியப்பு இரட்டிப்பாயிற்று. இங்கும் அதே 'மீன்' வருகின்றதே! ஓர் எழுத்துக் கூடியவுடன் இழிவு போய்ச் செல்வம் எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு விடை தேடி அன்று மாலையே நூலகத்துப் பேரகராதியைத் திறந்தேன். அங்கே ஒரு சொல்லைக் காணவில்லை. மூன்று சொற்களைக் கண்டேன். மூன்று ஊற்றுகளில் பிறந்த நீர் ஒரே வாய்க்காலில் ஓடுவதுபோல, தனித்தனியே பிறந்த மூன்று சொற்கள் காலப்போக்கில் ஒரே ஒலியும் ஒரே எழுத்தும் பெற்று நிற்கின்றன.

முதலாவது, 'கருதுதல்' என்னும் பொருளுடைய வினைச்சொல். இது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பு 'மைனன்' என்று இன்றும் வழங்குகின்றது. ஆசிரியர் 'வாட் டு யூ மீன்?' என்று வினவுவதும், சொற்பொருளை 'மீனிங்' என்று ஆங்கிலத்தில் வழங்குவதும் இதனால்தான்.

இரண்டாவது, வெளியூரிலிருந்து வந்தது. இலத்தீன் மொழியில் 'மீடியஸ்' என்றால் நடு. அதிலிருந்து 'மீடியானஸ்' என்னும் சொல் பிறந்தது. அது பிரெஞ்சு மொழியில் தேய்ந்து உருமாறியது. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் வெள்ளம்போல் புகுந்தன அல்லவா? அவ்வழியே இதுவும் வந்து சேர்ந்தது. கணக்கில் நீங்கள் காணும் 'மீன்', அதாவது சராசரி, இதுவே. 2, 3, 4, 6, 10 என்னும் ஐந்து எண்களைக் கூட்டினால் 25. ஐந்தால் வகுத்தால் 5. இந்த 5 'மீன்' ஆகும். வரிசையின் நடுவில் நிற்கும் 4 'மீடியன்' ஆகும். கணக்கில் வெவ்வேறாக நிற்கும் இவ்விரு சொற்களும் ஒரே இலத்தீன் தாயின் மக்கள்!

'கிரீனிச் மீன் டைம்' என்னும் தொடரிலும் இச்சொல்லே உள்ளது. பூமி செல்லும் பாதை நீள்வட்டம். அதன் அச்சோ சாய்ந்தது. ஆகவே, ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் இடைப்பட்ட காலம் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. அவ்வேற்றுமைகளைச் சராசரியாக்கிக் கணித்த நேரம் என்பதே அத்தொடரின் பொருள். நம் நாட்டு நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது.

நடு என்றால் இரண்டுக்கும் இடையில் நிற்பது. நமக்கும் நாம் அடைய விரும்பும் பயனுக்கும் இடையில் நிற்பது எது? வழி, கருவி. ஆகவே, 'மீன்ஸ்' என்பது வழியையும் கருவியையும் குறித்தது. உலகில் எதற்கும் கருவியாய் நிற்பது பணம் அன்றோ? அதனால் அச்சொல் செல்வத்தையும் குறித்தது. ஆசிரியர் திருத்தி எழுதிய 'மீன்ஸ்' இதுதான்.

மூன்றாவது ஊற்றுக்கு வருவோம். நான் தவறி விழுந்த இடம் இதுவே. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு 'எல்லார்க்கும் பொதுவானது' என்பது பொருள். 'பொது' என்பதைக் குறிக்கும் 'காமன்' என்னும் சொல்லுக்கு இது நெருங்கிய உறவு. பொதுவானது என்றிருந்தது, பொதுமக்களுக்கு உரியது என்றாயிற்று. பின்னர், தாழ்ந்தது என்றாயிற்று. அதன்பின் இழிந்தது, கஞ்சத்தனமானது என்றெல்லாம் சரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வழக்கில் பிறர் மனத்தைப் புண்படுத்தும் தன்மையையும் குறிக்கலாயிற்று. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பாகிய 'கெமைன்' என்னும் சொல்லும் இதே படிக்கட்டில்தான் இறங்கியது.

ஒன்று சொன்னால் வியப்படைவீர்கள். 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், ஏசாயா ஆகமத்தில், 'மீன் மேன்' என்னும் தொடர் பெரிய மனிதனுக்கு எதிராகச் சாதாரண மனிதனைக் குறிக்கின்றது. ஆகவே, நான் எழுதிய வாக்கியம் பிழையன்று. நானூறு ஆண்டு காலம் கடந்து எழுதப்பட்டது, அவ்வளவே!

இந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்ன? பொதுமக்களைத் தாழ்வாக நோக்கியவர்களின் பார்வை சொல்லின்மேல் படிந்தது. இச்சொல் மட்டுமா இவ்வாறு கெட்டது? நம் திரைப்படங்களில் தீயவனை 'வில்லன்' என்கின்றோம். பண்ணையில் உழைத்த குடியானவனையே அச்சொல் முதலில் குறித்தது. ஆபாசத்தைக் குறிக்கும் 'வல்கர்' என்பதற்கும் மூலம், பொதுமக்கள் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே. மாறாக, வீரப் பெருமகனைக் குறிக்கும் 'நைட்' என்னும் சொல் ஒரு காலத்தில் பையனையும் பணியாளனையும் குறித்தது. அரசனை அண்டி நின்றவன் பெயர் உயர்ந்தது. மண்ணைக் கிளறி உழைத்தவன் பெயர் தாழ்ந்தது.

ஆங்கிலத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பழந்தமிழில் பூவின் நறுமணத்துக்கும் நாற்றம் என்பதே பெயர். இன்று அச்சொல்லைக் கேட்டால் மூக்கைப் பிடித்துக்கொள்கின்றோம். கொத்தனாரின் இரசமட்டம் சமநிலையைக் காட்டுவது. ஆனால், 'மட்டமான சரக்கு' என்றால் கடைக்காரர் சண்டைக்கு வருவார். 'சாதாரணம்' என்னும் வடசொல்லுக்கும் 'பொதுவானது' என்பதே பொருள். 'அவர் சாதாரண ஆள்தானே' என்று உதட்டைப் பிதுக்கிச் சொல்லும்போது நாமும் அதே படிக்கட்டில் ஓர் அடி இறங்குகின்றோம்.

எனவே, மாணவர்களே, அகராதியைத் திறந்தால் கண்ணில் பட்ட முதற் பொருளோடு மூடிவிடாதீர்கள். ஒரே எழுத்துடைய சொற்களுக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டுத் தனித்தனியே கொடுத்திருந்தால், அவை தனித்தனிப் பிறப்புடையவை என்று அறியுங்கள். எது எங்கிருந்து வந்தது, வழியில் யார் கைபட்டு மாறியது என்று கேளுங்கள்.

அன்றிரவு நடந்ததை என் தந்தையாரிடம் அஞ்சி அஞ்சிச் சொன்னேன். தறிக்குழியில் இருந்தபடியே கேட்டுச் சிரித்தார். பின்பு நாடாவை நிறுத்திவிட்டு, "ஏனப்பா, எளியவன் என்று சொல்ல அவர்கள் மொழியில் ஒரு நல்ல சொல் இல்லையா?" என்றார்.

"இருந்தது, அப்பா, கெடுத்துவிட்டார்கள்" என்று அன்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்கு உதவித் தொகை கிடைத்தது, படித்தேன், ஆனால், அந்த வினா மட்டும் என்னை விட்டு அகலவில்லை. நம் மொழியில் 'எளியவர்' என்னும் சொல் இன்னும் இழிவடையவில்லை. அது கெடாமல் இருப்பது, எளியவர்களைப் பற்றி நீங்கள் பேசும் முறையில்தான் இருக்கின்றது.