உடையார்குடிக் கல்வெட்டும் வரலாற்று நாடகமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழங்கால வரலாற்றைக் காட்சியாக்கும் ஆவண நாடகங்களில் உண்மை எந்த அளவு நிற்கிறது என்பது குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். ஆவண நாடகம் என்பது ஒருபாதி சான்று காட்டிப் பேசுவது. மறுபாதி வேடம் புனைந்து நடிப்பது. 1988-இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பத் தொடங்கிய 'பாரத் ஏக் கோஜ்' தொடரை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். நேருவின் நூலை அடியொற்றிச் சியாம் பெனகல் 53 பகுதிகளாக இயக்கிய தொடர் அது. நேருவாக நடிப்பவர் தோன்றி வரலாறு கூறுவார். பின்னர் அது காட்சியாக விரியும். சிலப்பதிகாரமும் சோழப் பேரரசும் அதில் இடம்பெற்றன. கூறுவது எது, நடிப்பது எது என்ற வேறுபாடு பார்ப்பவர்க்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த வேறுபாடு அழிகின்ற இடத்தில்தான் என் கவலை தொடங்குகிறது.

உடையிலும் உணவிலும் நேரும் பிழைகளை யாவரும் எளிதில் சுட்டிவிடுவர். சோழன் வீட்டு முற்றத்தில் மிளகாய் காயக் கண்டால் சிரிப்போம். போர்த்துகீசியர் வருகைக்கு முன் நமக்குக் காரம் தந்தது மிளகே அன்றோ! இவற்றைத் திருத்துதல் எளிது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் கண்டறிந்தவர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி. ஆடல் மகளிரின் கொண்டையும் அணிகலனும் அங்கே வண்ணத்திலேயே நிற்கின்றன. ஒப்பனையாளர் ஒருமுறை அவற்றைப் பார்த்தாலே போதும். ஆயினும் நம் திரைமன்னர்கள் சித்திரை வெயிலிலும் கனத்த கவசத்தோடு உலவுகின்றனர்.

போகட்டும். ஆடைப்பிழை எவரையும் கொலைகாரர் ஆக்குவதில்லை, கதைப்பிழை ஆக்கிவிடும். அதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. சிதம்பரத்தைக் கடந்து காட்டுமன்னார்கோயில் வரை சென்றால் போதும்.

அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கி.பி. 987-ஐ ஒட்டிய காலம். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையோர்க்கு மன்னன் விடுத்த ஓலை அதில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆதித்த கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர் என்று அது சிலரைப் பெயர் சுட்டுகிறது: சோமன், அவன் உடன்பிறந்தாராகிய பஞ்சவன் பிரமாதிராசன் என்னும் இரவிதாசன், இருமுடிசோழப் பிரமாதிராசன் என்னும் பரமேசுவரன். எவ்விடத்தில் கொன்றனர், எதன்பொருட்டுக் கொன்றனர், யார் தூண்டினர் என்பன அதில் இல்லை. திருவாலங்காட்டுச் செப்பேடோ ஆதித்தன் விண்ணுலகைக் காணும் விருப்பால் மறைந்தான் என்னும் பொருள்படக் கூறி நகர்ந்துவிடுகிறது. அரசவைக் கவிஞர்க்கு அந்த அளவே சொல்ல விருப்பம் போலும்!

இந்த மௌனத்தின்மீதுதான் கல்கி தம் 'பொன்னியின் செல்வ'னை எழுப்பினார். 1950 முதல் 1954 வரை வெளிவந்த அப்புதினம் நம் வீராணத்து ஏரிக்கரையில் தொடங்குவது நமக்கெல்லாம் பெருமை. இரவிதாசனைப் பாண்டியனுக்காகப் பழிவாங்கும் ஆபத்துதவியாக்கியதும், கொலையைக் கடம்பூர் மாளிகையில் நிகழ்த்தியதும், நந்தினியைப் படைத்ததும் புதின ஆசிரியரின் உரிமை. அவரும் கொன்ற கை யாருடையது என்பதை ஐயத்துக்கு இடம்வைத்தே எழுதினார். 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னத்தின் திரைப்படங்கள் இரு பாகங்களாக வந்தன. அவையும் புதினத்தின் வழிவந்தவை என்று சொல்லியே வந்தன. அவற்றின் நிழலில், 'உண்மை வரலாறு' என்னும் தலைப்போடு பின்குரலும் நடிப்புமாகப் பல காணொலிகள் புறப்பட்டன. அவற்றுள் பல, கல்வெட்டில் உள்ளதையும் கல்கி புனைந்ததையும் ஒரே குரலில் ஓதுகின்றன. பாண்டிய ஆபத்துதவி என்று கல்வெட்டே கூறுவதாக என் மாணவர் ஒருவர் தேர்வுத்தாளில் எழுதியிருந்தார். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாத அழகான விடை.

கல்வெட்டு காட்டுவது வேறு. பிரமாதிராசன் என்பது சோழ அரசில் அந்தண அதிகாரிகள் பெற்ற பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிப்பதால் இரவிதாசன் பாண்டியச் சார்பினன் என்பர். ஆனால் இராசராசனின் தேவியருள் ஒருவர் பெயரே பஞ்சவன்மாதேவி! உடன்பிறந்தானின் பட்டத்திலோ சோழன் பெயரே இருக்கிறது. கொலையாளிகள் சோழ அரசின் பட்டம் பெற்ற அலுவலர் என்பது பகைநாட்டுச் சதியைக் காட்டிலும் கசப்பான செய்தி. நாடகங்கள் அந்தக் கசப்பை நமக்குத் தர அஞ்சுகின்றன என்றே நான் கருதுகிறேன்.

இனி உத்தமசோழர். அவர் ஆட்சி முடிந்த பின்னரே இந்த ஓலை எழுந்தமையால், கொலையில் அவருக்குப் பங்குண்டு என்று ஐயுற்றார் அறிஞர் நீலகண்ட சாத்திரியார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் அதனை மறுத்தார் சதாசிவப் பண்டாரத்தார். நான் பண்டாரத்தார் பக்கம். இராசராசன் தன் ஆட்சியில் உத்தமசோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை உயர்பொறுப்பில் வைத்திருந்தான். உத்தமருக்குரிய மதுராந்தகன் என்னும் பெயரே இராசேந்திரனின் முன்பெயருமாகும். அண்ணனைக் கொல்வித்தவனின் மகனையும் பெயரையும் ஒருவன் இவ்வாறு போற்றுவானா? மேலும், கொலையாளிகளுக்கு அந்த ஆண்டில்தான் தண்டனை வழங்கப்பட்டது என்று கல்வெட்டு கூறவில்லை. அது பேசுவது உடைமைகளைப் பற்றி. அறிஞர் இருவர் இருபுறமும் நின்று வழக்காடிய செய்தியை, இரண்டு நிமிடக் காட்சியில் உத்தமர் சூழ்ச்சிப் புன்னகை புரிவதாகக் காட்டி முடித்துவிடுதல் நீதியன்று. மறுத்துப் பேச அவர்க்கு வாய் இல்லை.

அப்படியானால் கற்பனையே கூடாதா என்று கவிஞர்கள் கேட்கலாம். 2023-இல் வந்த 'யாத்திசை' திரைப்படத்தில் எயினர் பேசும் மொழியைப் பழந்தமிழ்ச் சொற்களால் அமைத்து, இன்றைய தமிழில் எழுத்துவரி இட்டனர். ஏழாம் நூற்றாண்டில் அப்படியேதான் பேசினர் என்று எவரும் அறுதியிட முடியாது. ஆயினும் கேட்பவர் செவியில் காலத்தின் தொலைவு விழுகிறது. அது கற்பனை என்பதும் விளங்குகிறது. அத்தகைய துணிவை வரவேற்கிறேன்.

நம் வட்டத்துக் கவிஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். உடையார்குடிக் கல்வெட்டில் எவரும் இன்னும் காட்சியாக்காத நாடகம் ஒன்று இருக்கிறது. ஓலை, கொன்றவரோடு நிற்கவில்லை. அவர்தம் மக்கள், பேரப்பன்மார், பெண்கொடுத்த மாமன்மார், தாயோடு உடன்பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர், மகளிரை மணந்தவர் என்று உறவுமுறை சொல்லிச் சொல்லி அவர்கள் அனைவரின் உடைமையையும் உள்ளடக்குகிறது. கொலை நடந்து ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது இது. ஏரிக்கரை ஊரில் சபை கூடியிருக்கிறது, ஓலையைப் படிக்கிறார்கள், 'மகளை மணந்தவர்' என்னும் சொல் வருகிறது. கொலை நடந்தபோது சிறுவனாய் இருந்திருக்கக்கூடிய ஒரு மருமகன் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறான். அவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை எந்தச் சொல்லால் தொடங்கியிருப்பான்? அதை எழுதித் தாருங்கள். அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் பார்க்க ஆவலாயிருக்கிறேன்.