வழங்கி ஓய்ந்தாலும் அவை கலையாது



பத்து ஆண்டுகள் ஓர் இலக்கிய வட்டம் இடையறாது கூடிவருதல் எளிய செயலன்று. கூடும் மண்டபம் மாறலாம். ஒரு திங்கள் பூட்டியும் கிடக்கலாம். மண்டபம் பூட்டப்பட்டால் அவை எங்கே செல்லும் என்னும் வினா கணிப்பொறி வலையிலும் எழுந்ததுண்டு. அதற்கு யூஸ்நெட் என்னும் செய்திக்குழு அமைப்பு தந்த விடை, எழுத்தைப் பேணுவோர் அனைவரும் கருதத்தக்கது.

1979-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும் இவ்வமைப்பைக் கருதினர். அண்மையிலிருந்த வட கரோலினாப் பல்கலைக்கழகத்து ஸ்டீவ் பெல்லோவின் அவர்களுக்குத் துணை நின்றார். கணிப்பொறிகள் தொலைபேசி வழியே ஒன்றையொன்று அழைத்துப் புதிய மடல்களைக் கைமாற்றிக்கொண்டன. 1986-இல் என்.என்.டி.பி. என்னும் நெறிமுறை வகுக்கப்பட்டபின் இப்பரிமாற்றம் இணையத்தின் வழியாகவும் விரைந்து நடைபெறலாயிற்று.

இவ்வமைப்பின் தனிச்சிறப்பு, இதற்குத் தலைமை நிலையம் என்று ஒன்று இல்லாமையே. ஒருவர் தம் வழங்கியில் இடும் மடலை அவ்வழங்கி அண்டை வழங்கிகளுக்கு அளிக்கும். அவை தத்தம் அண்டைக்கு அளிக்கும். ஒவ்வொன்றும் முழுப் படியொன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஏடு பெயர்த்தெழுதுவோர் ஊர்தோறும் ஒரு படியை விட்டுச் செல்வதை இது ஒக்கும். உ. வே. சாமிநாதையர் பல ஏட்டுப் படிகளை ஒப்பிட்டன்றோ 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார்? ஒரே படி ஒரே வீட்டுப் பரணில் இருந்திருப்பின், கறையான் வென்றிருக்கும்.

இனி, வழங்கி ஓய்ந்த நாளில் செய்யத்தக்கது யாது? முதற்கண் பழுது எங்குள்ளது எனத் தெளிதல் வேண்டும். இணையத்தின் ஏனைய இடங்கள் திறந்து, செய்திக்குழு மட்டும் திறவாதாயின், பழுது பெரும்பாலும் அவ்வழங்கியினது. வாசகரின் கணிப்பொறியைக் கலைத்து அடுக்குவதால் பயனில்லை. பழுது சிறிதாயின் காத்திருத்தலே நன்று. அண்டை வழங்கிகள் தாம் அளிக்க வேண்டிய மடல்களைச் சேர்த்து வைத்திருந்து, அது மீண்டெழுந்ததும் அளிப்பது வழக்கம்.

பழுது நீண்டால் வேறொரு வழங்கியை நாடலாம். அதே குழு அங்கும் இருத்தல் கூடும். சில வழங்கிகள் தம் வாடிக்கையாளரை மட்டுமே ஏற்கும். சில, பதிவு செய்துகொள்ளும் எவர்க்கும் இடம் தரும். மடல் படிக்கும் நிரலில் வழங்கியின் பெயரையும், தமக்கு அளிக்கப்பட்ட பயனர் பெயரையும், கடவுச்சொல்லையும் மாற்றினால் போதும்.

அங்குச் சென்றவுடன் ஒரு மயக்கம் நேரும். முன்பே படித்து முடித்த மடல்கள் யாவும் படியாதவை போலத் தோன்றும். மடல்களுக்கு இடப்படும் வரிசை எண் வழங்கிக்கு வழங்கி வேறுபடுவதே இதன் காரணம். ஆயினும் ஒவ்வொரு மடலுக்கும் 'மெசேஜ் ஐடி' என்னும் அடையாளம் ஒன்றுண்டு. அஃது எல்லா வழங்கிகளிலும் மாறாதது. ஏட்டின் எண் படிக்குப் படி மாறினும் பாடலின் முதற்குறிப்பு மாறாதது போன்றதே இதுவும். பழைய மடலொன்றைத் தேடுவோர் எண்ணை விடுத்து இவ்வடையாளத்தையே பற்றுதல் வேண்டும்.

தாம் எழுதிய மடல் வெளியே பரவும் முன்னரே வழங்கி வீழ்ந்துவிடின், எழுதியவர் கையிலுள்ள படியன்றி வேறு படி உலகில் இல்லை. அப்படி இருப்பின், அதே அடையாளத்துடன் வேறு வழங்கியில் மீண்டும் இடலாம். முன்பே பெற்ற வழங்கிகள் இரண்டாம் படியை மறுத்துவிடும். படி வைக்காதவர் இழந்ததை எந்த வழங்கியும் மீட்டுத் தாராது.

ஓய்வு தற்காலிகமாகவே இருப்பதுமில்லை. யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010-இல் தன் வழங்கியை மூடியது. 1995-இல் தோன்றிய டேஜா நியூஸ் என்னும் காப்பகத்தை 2001-இல் கூகுள் வாங்கியது. அந்நிறுவனமும் 2024 பிப்ரவரியில் புதிய யூஸ்நெட் மடல்களை ஏற்பதை நிறுத்திப் பழையவற்றைப் படிப்பதற்கு மட்டும் இடமளித்தது. அவ்வாயிலை மட்டுமே அறிந்திருந்தோர்க்கு அவை முடிந்தது போலாயிற்று. வேறு வாயில் அறிந்தோர் அதே குழுவில் உரையாடலைத் தொடர்ந்தனர்.

தொடக்க ஆண்டுகளின் மடல்கள் இன்று கிடைப்பதும் ஒரு படியினால்தான். பழைய மடல்களைச் சில நாளில் அழித்துவிடுவதே அக்கால வழங்கிகளின் வழக்கம். டொராண்டோப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கணிப்பொறிப் பணியிலிருந்த ஹென்றி ஸ்பென்சர் 1981 முதல் 1991 வரையிலான மடல்களைக் காந்த நாடாக்களில் சேமித்து வைத்தார். அவை 2001-இல் பொதுப் பார்வைக்கு வந்தன.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. தமிழ் எழுத்துரு பரவாத நாளில், 'சோக்.கல்ச்சர்.தமிழ்' என்னும் குழுவில் கடல் கடந்த தமிழர் தம் மொழியை உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதி உரையாடினர். இணையத் தமிழின் தொடக்கக் குரல்களுள் அவையும் அடங்கும். அவற்றுள் எவை எஞ்சும் என்பது, எவர் படி வைத்துள்ளார் என்பதைப் பொறுத்தது.

இவ்வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளுக்கும் இந்நெறி பொருந்தும். இம்மலர் ஒரு படி. இதனை நூலகமொன்றில் வைப்பது இரண்டாவது படி. உறுப்பினர் தத்தம் கணிப்பொறியில் வைப்பது மூன்றாவது. வேற்றூர் அன்பரொருவரிடம் அளிப்பது நான்காவது. இப்பணியை அடுத்த திங்கள் கூட்டத்திற்கு முன்னரே தொடங்குவது வட்டத்தின் கடமையாகும். பதினொன்றாம் ஆண்டில் எந்தப் பரண் இடியினும், எந்த வழங்கி ஓயினும், ஒரு கவிஞரின் ஒரு வரியும் தொலைதல் கூடாது.