வேலை கேட்கும் நாய்



வீட்டுக் காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று பேச்சு வந்தால், பலர் வாயிலும் முதலில் வருகிற பெயர் அல்சேஷன். ஜெர்மன் ஷெப்பர்ட் என்று சொல்வதும் அதே நாயைத்தான். அந்தப் பெயரோடு ஓர் அச்சமும் ஒட்டிக்கொண்டு வருகிறது: ஆளைக் கண்டால் பாயும், மூர்க்கமான நாய் என்று. சிலர் அந்த மூர்க்கத்துக்காகவே அதை வாங்குகிறார்கள். பயப்படுகிறவர்களும் சரி, ஆசைப்படுகிறவர்களும் சரி, அந்த நாயைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. தன்னிடம் ஒப்படைத்ததைக் காப்பதுதான் அதன் பிறவிக்குணம். அந்தக் குணம் எப்படி உருவானது, எங்கே கெட்டுப்போகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

ஜெர்மனியில் செம்மறி ஆடு மேய்ப்பதற்காக வளர்ந்த நாய் இது. அங்கே வயல்களுக்கு வேலி கிடையாது. ஒரு நிலத்துக்கும் அடுத்த நிலத்துக்கும் நடுவே ஓர் உழவுசால்தான் எல்லை. பயிர்களுக்கு இடையே கிடக்கிற புல் துண்டில் 200, 300 ஆடுகளை நிறுத்தி மேய்க்க வேண்டும். ஆடு பயிரில் வாய் வைத்துவிட்டால் நிலத்துக்காரர் இடையரிடம்தான் வந்து நிற்பார். அந்த இடத்தில் நாய்தான் நடமாடும் வேலி. மந்தையின் ஓரமாக, அந்த உழவுசாலிலேயே முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். பயிரை அது மிதிக்கக் கூடாது. எல்லை தாண்டும் ஆட்டை விடவும் கூடாது. அடங்காத ஆட்டைக் கழுத்திலோ தொடையிலோ ஒரு பிடி பிடித்து உடனே விட்டுவிட வேண்டும். தோல் கிழியக் கூடாது.

இடையர் மந்தையின் ஒரு பக்கம் நிற்பார். நாய் எதிர்ப் பக்கம் ஓடும். நடுவே நூற்றுக்கணக்கான ஆடுகள். ஒவ்வொரு ஆட்டுக்கும் அவர் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. எந்த ஆட்டைத் தடுப்பது, எதை விடுவது, எவ்வளவு கடுமை காட்டுவது என்பதை நாயே முடிவு செய்ய வேண்டும். பொழுது சாயும்வரை அலுக்காமல் ஓடவும் வேண்டும். இப்படி ஓடிய நாய்களில் தேர்ந்தவற்றின் குட்டிகளையே தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். நம் வீட்டு மதில் ஓரமாகத் தடம் விழுகிற அளவுக்கு இந்த நாய் முன்னும் பின்னும் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓடுகிற குழந்தையை, போகிற சைக்கிளைத் துரத்தி மடக்கப் பார்ப்பதையும் பார்த்திருப்பீர்கள். மந்தை இல்லாத இடத்தில் அது மந்தை வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

மேய்ச்சல் நாயாக ஊருக்கு ஒரு விதமாக இருந்ததை ஓர் இனமாகத் திரட்டியவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி. 1899 ஏப்ரல் 3ஆம் தேதி கார்ல்ஸ்ரூஹே நகரத்து நாய்க் கண்காட்சியில் ஹெக்டர் என்ற நாயைப் பார்த்தார். வாங்கி, ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று புதுப் பெயர் வைத்தார். அதே மாதம் ஜெர்மன் ஷெப்பர்ட் சங்கம் தொடங்கியது. அதன் வம்சப் பதிவேட்டில் முதல் எண் ஹோராண்டுக்கு. அழகு இருந்து வேலைக்கு உதவாத நாயை ஸ்டெஃபானிட்ஸ் ஒப்புக்கொள்ளவே மாட்டார். அறிவும் பயனும்தான் அவருக்கு அளவுகோல். மேய்ச்சல் நிலம் சுருங்கி, ஆட்டு மந்தைகள் குறைந்துவந்த காலம் அது. இந்த நாய்க்கு வேறு வேலை கிடைக்காவிட்டால் இனமே சீரழிந்துவிடும் என்று உணர்ந்து, காவல் துறையையும் ராணுவத்தையும் அவர் நாடினார். போலீஸ் நாய் என்று உலகம் இதை அறிந்துகொண்டது அதற்குப் பிறகுதான்.

இந்த இனத்துக்கு எழுதிவைத்த இலக்கணம் ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உயரம், நிறம், காது ஆகியவற்றோடு குணத்தையும் அது வரையறுக்கிறது. மனம் சமநிலையில் இருக்க வேண்டும். நரம்பு உறுதி வேண்டும். தன்னம்பிக்கை வேண்டும். சீண்டாதவரை சாதுவாக இருக்க வேண்டும். புதியவரிடம் உடனே குழையாது. சற்று விலகி நின்று பார்க்கும். அந்த விலகலில் பயமோ பகையோ இருக்கக் கூடாது. பணித் தேர்வில் துப்பாக்கி வெடிக்கும் சத்தத்தில் நாய் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிப்பார்கள். மிரண்டு ஓடுகிற நாய்க்கு அங்கே தேர்ச்சி கிடையாது. மூர்க்கம் ஒரு தகுதி என்று அந்த இலக்கணத்தில் எங்கும் இல்லை.

மூர்க்கம் இதன் குணமாக இருந்தால், கண் தெரியாத ஒரு மனிதரின் கையில் இதை யார் ஒப்படைப்பார்கள்? முதல் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் டாக்டர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பழக்கியவற்றில் ஜெர்மன் ஷெப்பர்டுக்குத்தான் முக்கிய இடம். பின்னர் அந்த முறை சுவிட்சர்லாந்துக்குப் போனது. அங்கே வெவே நகருக்கு மேலே மலைச்சரிவில் டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி இதே இனத்தை வளர்த்துவந்தார். அமெரிக்காவின் நாஷ்வில் நகரைச் சேர்ந்த மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் 1928இல் அவரிடம் போய், பட்டி என்ற பெண் நாயோடு ஊர் திரும்பினார். நியூயார்க்கில் வண்டிகள் பறக்கும் அகலமான சாலையைப் பத்திரிகையாளர்கள் கண்முன்னே பட்டி அவரைக் கடக்கவைத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி பிறந்தது.

வழிகாட்டி நாய்க்குக் கீழ்ப்படிதல் மட்டும் போதாது. எஜமானர் "போ" என்று சொன்னாலும், எதிரே லாரி வந்தால் அது போகக் கூடாது. எப்போது சொல் பேச்சைக் கேட்பது, எப்போது மறுப்பது என்று தானே தீர்மானிக்க வேண்டும். ஜெர்மனியின் வயல் ஓரத்தில் இடையருக்கு எதிர்ப் பக்கத்தில் நின்று முடிவெடுத்த அதே புத்திதான் நியூயார்க் சாலையிலும் வேலை செய்தது.

யூஸ்டிஸ் அம்மையாரின் பண்ணையில் நாய்களின் குணத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறித்துவைத்தார்கள். எலியட் ஹம்ஃப்ரி, லூசியன் வார்னர் என்ற இருவர் அந்தக் குறிப்புகளைக் கொண்டு 1934இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். சத்தத்துக்கு ஒரு நாய் எவ்வளவு கூசுகிறது, உடம்பில் கை பட்டால் எவ்வளவு கூசுகிறது என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். குணத்தையும் தேர்ந்தெடுத்து வளர்க்க முடியும் என்பது அவர்கள் கண்ட முடிவு. இதை மறுபுறம் திருப்பிப் பாருங்கள். பயந்தாங்கொள்ளித் தாய்க்கும் சிடுசிடுப்பான தகப்பனுக்கும் பிறந்த குட்டி அந்தக் குணத்தோடு வந்து நிற்கவும் வழி உண்டு. அதனால்தான் குட்டியின் நிறத்தைப் பார்க்கும் முன் தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்கிறேன். அறிமுகமில்லாத நீங்கள் உள்ளே போகும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள்.

பிறவியில் பாதி என்றால் வளர்ப்பில் மீதி. நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரம் தொடங்கிப் பன்னிரண்டாவது வாரம்வரை மனம் திறந்திருக்கும் பருவம். அந்த நாட்களில் குழந்தைகள், முதியவர்கள், குடை பிடித்தவர், தலைக்கவசம் போட்டவர், மிக்சி சத்தம், தெருச் சத்தம் எல்லாம் அதற்கு அறிமுகமாக வேண்டும். கால்நடை மருத்துவரைக் கேட்டு, தடுப்பூசியைக் கவனித்துக்கொண்டே இதைச் செய்யலாம். அந்த வாரங்களில் கூண்டுக்குள் கிடந்த குட்டி, பிற்பாடு பார்க்கிற ஒவ்வொன்றுக்கும் மிரளும். மிரளுகிற நாய் கடிக்கும். கடிக்கும் நாய் துணிச்சலான நாய் என்று நாம் நினைக்கிறோம். பல நேரம் அது பயந்துபோன நாய்.

அடுத்த கேடு சங்கிலி. நாள் முழுக்க எல்லை காக்க ஓடிய வம்சத்தைக் கேட்டுக்கு அருகே ஆறடிச் சங்கிலியில் கட்டிப்போடுகிறோம். தெருவில் போகிற எல்லோரையும் அது பார்க்கிறது. ஒருவரையும் முகர்ந்து அறிய முடிவதில்லை. வருகிறவர் ஆபத்து என்றால் விலகி ஓடவும் வழியில்லை. குரைத்தால் அவர் போய்விடுகிறார். குரைத்ததால்தான் போனார் என்று அது கற்றுக்கொள்கிறது. நாளாக நாளாகக் குரைப்பு சீற்றமாகிறது. "பாருங்கள், என்ன கோபம்!" என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். வேலையில்லாமல் வாடிக் கெட்டுப்போன ஒரு நல்ல நாய் அது. திடீரென்று குணம் மாறிச் சிடுசிடுத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் வரும். வலி தாங்காமலும் நாய் சீறும். அப்போது அதற்குத் தேவை மருத்துவர், அடி இல்லை.

அதற்கு என்னதான் வேலை கொடுப்பது? ஆடு வாங்க வேண்டியதில்லை. காலையிலும் இருட்டிய பிறகும் நீண்ட நடை. அடர்த்தியான இரட்டை ரோமம் உள்ள நாயை நம் ஊர் வெயிலில் நடத்தக் கூடாது. ஒளித்துவைத்த பொருளை மோப்பம் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். உட்கார், இரு, வா என்ற பாடங்களைத் தினமும் கொஞ்ச நேரம் அன்போடு சொல்லிக்கொடுங்கள். அடித்துப் பழக்காதீர்கள், இது மனிதரின் முகத்தைப் பார்த்தே படிக்கிற நாய். இரவில் வீட்டுக்குள் உங்கள் அருகே படுக்க விடுங்கள். தன் மனிதர்களோடு இருந்தால்தான் அது காக்கும்.

நேயர்களே, தினமும் இரண்டு மணி நேரத்தை இதற்காக ஒதுக்க முடியும், இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒதுக்க முடியும் என்றால் ஜெர்மன் ஷெப்பர்டை வளருங்கள். அதைவிட நம்பகமான துணை கிடைப்பது அரிது. கேட்டில் கட்டிப்போட ஒரு குரைப்புச் சத்தம்தான் வேண்டும் என்றால், தயவுசெய்து இந்த நாயை வாங்காதீர்கள். அழைப்பு மணி ஒன்று போதும்.