இரசாயனத் தொழிற்சாலைகளில் பெருவிபத்துத் தடுப்பு

இரசாயனத் தொழிற்சாலையொன்றில் பெருவிபத்து நேர்ந்தது என்று கேட்டவுடன், அங்கே காவற்சாதனம் யாதும் இல்லை போலும் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மை பெரும்பாலும் வேறாக இருக்கிறது.

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவையொட்டிப் போபால் நகரில் நிகழ்ந்ததை அறியாதார் இலர். அங்கிருந்த யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் தொட்டியொன்றில் சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் என்னும் திரவம் இருந்தது. அதனுள் நீர் புகுந்தது. எவ்வாறு புகுந்தது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. அவ்வழக்கினுள் நாம் நுழைய வேண்டுவதில்லை. நீர் கலந்ததும் திரவம் சூடேறிக் கொதித்து, நச்சு வாயுவாய்ப் பீறிட்டு, உறங்கிக்கொண்டிருந்த ஊரின்மேல் படர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இதைத் தடுக்க அங்கே என்னென்ன இருந்தன? திரவத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க ஒரு யந்திரம் இருந்தது. அதைச் சில மாதங்களுக்கு முன்னரே நிறுத்திவிட்டார்கள். காரக் கரைசலைத் தெளித்து வாயுவின் நஞ்சை முறிக்கும் கோபுரம் ஒன்று இருந்தது. அஃது ஓய்வில் வைக்கப்பட்டிருந்தது. முழுமையாக இயங்கியிருப்பினும் அத்துணை வாயுவைத் தாங்கும் ஆற்றல் அதற்கில்லை. எஞ்சும் வாயுவை எரித்துவிடும் கோபுரமும் இருந்தது. பழுதுபார்ப்பதற்காக அதன் இணைப்புக் குழாயைக் கழற்றி வைத்திருந்தார்கள். தீயணைப்போர் பீய்ச்சிய நீரோ, வாயு வெளிப்பட்ட உயரத்தை எட்டவில்லை. தனித்தனியே நோக்கினால் இவை ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு காரணம் கூறலாம்; செலவைக் குறைத்தல் என்பது அவற்றுள் ஒன்று. யாவும் ஒரே சமயத்தில் செயலற்றுக் கிடக்கின்றனவே என்று கூட்டிப் பார்த்து ஆலையை நிறுத்தவல்லவர் ஒருவர் அங்கே இல்லாமற்போனதே பெருங்குறை.

அவ்வாறு கூட்டிப் பார்க்கும் முறைக்கே இன்று 'செய்முறைப் பாதுகாப்பு மேலாண்மை' என்று பெயர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கும் இத்தொடர் முழு நிறைவளிப்பதன்று. கோப்பின் வாடை வீசுகிறது. எனினும் பொருள் எளிது. தொழிலாளி தலைக்கவசம் அணிந்தானா, வழுக்கி விழாமல் நடந்தானா என்பது ஒருவகைப் பாதுகாப்பு. தொட்டிக்குள் இருப்பது வெளியே வாராமற் காப்பது மற்றொரு வகை. முன்னதில் நற்பெயர் எடுத்த ஆலை பின்னதிலும் அவ்வாறே இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

இம்முறையில் மிகவும் இன்றியமையாத விதி, எந்த மாறுதலையும் ஆராயாமற் செய்யலாகாது என்பது. இங்கிலாந்தில் பிளிக்ஸ்பரோ என்னுமிடத்து ஆலையில் வரிசையாக நின்ற கலன்களுள் ஒன்று விரிசல் கண்டது. அதனை அகற்றிவிட்டு, அதன் இருமருங்கிலுமிருந்த கலன்களைத் தற்காலிகக் குழாயொன்றால் இணைத்தார்கள். அக்குழாய்க்கு வரைபடமாவது, பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் இட்ட கோடுகளே! 1974ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அது முறிந்தது. வெளிப்பட்ட ஆவி வெடித்து 28 பேர் உயிரிழந்தனர்.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அதிகாலையில், விசாகப்பட்டினத்து எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளிப்பட்டு 12 பேர் மாண்டனர். ஊரடங்கினால் ஆலை ஓடாமலிருந்த காலம் அது. ஓடாத ஆலையில் என்ன ஆபத்து என்று தோன்றும். ஆனால் ஸ்டைரீன் தானே இறுகித் தானே சூடேறும் இயல்புடையது. குளிர்ச்சியும், இறுகாமற் காக்கும் மருந்தும் இடையறாது வேண்டும். தொட்டியின் குழாயமைப்பை முந்திய டிசம்பரில் மாற்றியிருந்தார்கள்; அதன்பின் திரவம் முன்போல் நன்கு கலங்கிச் சுழலவில்லை. வெப்பமானியோ அடிப்பாகத்தின் சூட்டை மட்டுமே காட்டிற்று. மேற்பகுதி கொதித்ததை அஃது அறிவிக்கவில்லை. ஆலையில் அபாயச் சங்கு இருந்தும் அன்று ஒலிக்கவில்லை.

1989ஆம் ஆண்டின் அபாயகர இரசாயனப் பொருள் விதிகள், ஆலைக்குள் செய்யவேண்டிய அவசரத் திட்டத்தை அதை நடத்துவோரும், வெளியே செய்யவேண்டியதை மாவட்ட அதிகாரிகளும் வகுக்கவேண்டும் என்கின்றன. இவற்றை ஒத்திகை பார்க்கவும் வேண்டும். அக்கம்பக்கத்தார்க்கு, விபத்து நேரின் யாது செய்வது என்பதை முன்னரே தெரிவிப்பதும் கடமையாகும். அவ்வறிவிப்பு அவர்களுடைய மொழியில், வாசித்துக் கேட்டதும் விளங்கும்படி இருத்தல் வேண்டும் என்பதை என் தொழில்முறையில் நான் வற்புறுத்துவேன். போபாலில் நனைந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தால் பலருக்கு அந்த நஞ்சின் கடுமை ஓரளவேனும் குறைந்திருக்கும். ஆலையை அடுத்து வாழ்ந்தவர்களுக்கு அதனை எவரும் முன்பு சொல்லியிருக்கவில்லை.