வெள்ளணுக் குறைவும் வீட்டார் கடமையும்
(கொடைக்கானலில் கூடிய நம் சங்கத்தார் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட யாம் மருத்துவம் பேசப் புகுந்தது வியப்பாகத் தோன்றலாம். எம் இல்லத்தில் நேர்ந்த பிழையொன்றே எம்மை ஈண்டு நிறுத்தியது.

எம் தமையனார் மனைவியார்க்குப் புற்றுநோய் கண்டு, மதுரையில் கீமோதெரபி மருந்து ஏற்றப்பெற்றது. பத்தாம் நாளிரவு அவருக்குச் சுரம் கண்டது. மலைக்குளிரால் வந்ததென்றெண்ணிச் சுக்குக் கஷாயமும் சுரமாத்திரையும் கொடுத்து விடியுமட்டும் காத்திருந்தோம். விடிந்தபோது அவர் அறிவு மயங்கிக் கிடந்தார். மலையிறக்கி மருத்துவமனையிற் சேர்த்து, பதினொரு நாள் கழித்தே உயிர் நிலைத்தது. அன்று கேட்டறிந்தவற்றையும் பின்பு பயின்றவற்றையும் உரைக்கின்றோம்.

குருதியிலுள்ள வெள்ளணுக்கள் உடலின் காவலர். ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் அவை 4,000 முதல் 11,000 வரை இருத்தல் இயல்பு. அவற்றுள் நியூட்ரோபில் என்பவை முன்னணிப் படை. விரைந்து பெருகும் அணுக்களைக் கீமோதெரபி மருந்து அழிக்கும். எலும்பு மச்சையில் வெள்ளணுக்களும் விரைந்து பிறப்பனவாதலின், அவையும் உடன் குறைகின்றன. மருந்தேற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் அவ்வெண்ணிக்கை மிகத் தாழும். நியூட்ரோபில் 500-க்குக் கீழிறங்கின் பேரிடர்.

நம் முற்றத்து நித்தியகல்யாணியே இதற்குச் சான்று. நீரிழிவிற்கு மருந்தாகுமோவென்று கனடாவில் அதன் சாற்றை எலிகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தனர். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்களே குறைந்தன. அவ்வழியே ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் இருவர் கண்டு 1958-இல் வெளியிட்ட வின்பிளாஸ்டின் புற்றுநோய் மருந்தாயிற்று. ஆதலின் அவ்விலையை வீட்டில் அரைத்துக் குடித்தல் ஆகாது.

இனி நம் கடமைகள். முதலாவது, சுரமானியை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல். காவலர் குறைந்தவிடத்துச் சீழும் சிவப்பும் தோன்றா. சுரம் ஒன்றே அறிகுறியாகலாம். 100.4 பாகையை எட்டின், சுரத்தை மறைக்கும் மாத்திரை கொடாது, இரவென்றும் பாராது உடனே புறப்படல் வேண்டும். மருத்துவமனை சேர்ந்த ஒரு மணிக்குள் கிருமிக்கொல்லி மருந்து ஏறவேண்டுமென்பது மருத்துவர் விதி. கொடைக்கானலிலிருந்து மதுரை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். வழியிலேயே பல மணி கழியும். ஆதலின் அருகில் எம்மருத்துவமனை இம்மருந்தை ஏற்றவல்லதென்று முன்னரே கேட்டறிந்து வைத்தல் நன்று.

இரண்டாவது, நீரும் உணவும். ஏறக்குறைய 7,000 அடி உயரமுள்ள இவ்வூரில் நீர் 93 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆதலின் கொதி கண்டபின்னும் மூன்று நிமிடம் கொதிக்கவிடுக. பூம்பாறைக் காரட்டாயினும் மலைப்பூண்டாயினும் நன்கு கழுவிச் சமைத்தே கொடுக்க. அவர் தோட்ட மண்ணைக் கிளறுதலும், மாட்டுத் தொழுவம் கூட்டுதலும் வேண்டா. அனைவர்க்கும் கை கழுவுதலே தலையாய காவல்.

மூன்றாவது, வெள்ளணுக்களைப் பெருக்கும் பில்கிராஸ்டிம் என்னும் ஊசிமருந்து. மருத்துவர் அதனைப் பணித்தால், 2 முதல் 8 பாகை செல்சியசுக் குளிரில் வைத்தே கொணர்தல் வேண்டும். மலைக்குளிர் போதுமென்று சட்டைப்பையிலிட்டு வருதல் தவறு.

நான்காவது கூறுதற்கு அரியது. நோயுற்றாரைக் கூட்டமாய்ச் சென்று காண்பது நம் மரபு, செல்லாவிடின் மனத்தாங்கல். அந்நாட்களில் சளியும் இருமலும் உடையார் வாயிற்படி ஏறாதிருத்தலே அன்பாகும். தடுக்கும் வீட்டாரைச் செருக்குடையாரென்று தூற்றாதீர்கள்.

மன்னவனூர், பண்ணைக்காடு, தாண்டிக்குடி முதலிய ஊர்களிலுள்ள நம்மவருள் வண்டியுடையார், நள்ளிரவில் அழைப்பினும் வருவோமென்று இன்றே பெயர் கொடுப்பாராக. 108 வண்டி வரத் தாழ்க்குமாயின் அதுவே துணை. அவ்விரவில் எமக்கு வண்டி இருந்தது, அறிவு இல்லை. உங்களுக்கு இரண்டும் இருத்தல் வேண்டுமென்பதே எம் வேண்டுகோள்.