மழை பெய்தால், மழை பெய்திருந்தால்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று கேட்டபோது, நான் கல்லூரியின் வரலாற்றைப் பேசுவேன் என்று எங்கள் செயலாளர் எதிர்பார்த்திருப்பார். அதைப் பேச என்னிலும் மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நான் இருபத்தெட்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். ஆகையால் ஆங்கில இலக்கணத்தில் ஒரே ஒரு பாடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது 'இஃப்' பாடம், நிபந்தனை வாக்கியம். சிரிக்கிறீர்கள். உங்களில் அரைவாசிப் பேர் அந்தப் பாடத்தன்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தவர்கள் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முதலாம் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று கரும்பலகையில் கோடு கீறி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு வாய்பாடு எழுதி, பெருக்கல் வாய்ப்பாட்டைப் போலப் பாடமாக்குவது வழக்கம். எங்களுக்கு முந்தியவர்கள் நெஸ்ஃபீல்டையும் ரென் அண்ட் மார்ட்டினையும் வைத்துப் படித்தார்கள். பரிசளிப்பு விழாவில் கிப்ளிங்கின் 'இஃப்' கவிதையை ஒப்புவிப்பார்கள். நாலு பந்தியும் சேர்ந்து ஒரே ஒரு நிபந்தனை வாக்கியம் அது. கடைசி வரி 'மகனே' என்று முடியும். அதைப் பெண்பிள்ளைகள் மேடையில் நின்று கையை நீட்டிச் சொன்னார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கவிதை முழுவதையும் மூச்சுவிடாமல் சொன்ன பிள்ளைக்கு, 'சில்லறை இருந்தால் தாருங்கள்' என்று ஒரு வெள்ளைக்காரரிடம் கேட்கச் சொல்லியிருந்தால் வாய் எழும்பியிராது.

பிள்ளைக்கு மூளை குறைவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எங்களுடைய தமிழில்தான் விஷயம் இருக்கிறது. தொல்காப்பியம் 'செயின்' என்று ஒரு வினையெச்ச வாய்பாட்டைச் சொல்கிறது. திருக்குறளில் வான்சிறப்பு என்ற ஒரே அதிகாரத்தைப் பாருங்கள். மழை பெய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே பேச்சு. இன், கால், ஏல், எனின் என்று நிபந்தனைக்கு எத்தனை உருவம் வருகிறது! இன்று பேச்சில் எங்களுக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் 'ஆல்' ஒன்றுதான். அந்த ஒன்றிடம் எல்லா வேலையையும் வாங்குகிறோம்.

'நாளைக்கு மழை பெய்தால்' என்கிறோம். பெய்தால் என்பதைப் பிரித்துப் பாருங்கள்: பெய், த், ஆல். நடுவில் நிற்கிற 'த்' இறந்தகாலத்துக்குரியது. வராத நாளைக்கு இறந்தகால உருவம் போட்டிருக்கிறோம். எந்த அம்மம்மாவும் இது என்ன கூத்து என்று கேட்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் இப்போது இல்லாத ஒன்றைச் சொல்ல 'ஹாட்' போடவேண்டும் என்றால் பிள்ளை திகைத்துப் போகிறது. 'ரீச்சர், அது பாஸ்ற் ரென்ஸ் எல்லே?' என்று கேட்கும். ஓம் பிள்ளை, உன் அம்மம்மாவும் அப்படித்தான் சொல்கிறா என்று பெய்தாலைப் பிரித்துக் காட்டினால் பாதிப் பயம் போய்விடும்.

மற்றப் பிழைகளும் ஊர்ப்பேச்சிலிருந்துதான் வருகின்றன. 'இஃப் யூ வில் கம்' என்று எழுதாத வகுப்பு யாழ்ப்பாணத்தில் இல்லை. ஏன்? 'நீ வருவியெண்டால் நானும் வாறன்' என்று வீட்டில் சொல்கிறோம். வருவி என்பது எதிர்காலம். பிள்ளை அதை நேர்மையாக 'வில்' ஆக்குகிறது. 'வராட்டி' என்ற ஒரு சொல்லுக்குள் எதிர்மறையும் நிபந்தனையும் சேர்ந்து கிடக்கின்றன. ஆகவே 'அன்லெஸ்' போட்ட பிறகும் இன்னொரு 'நாட்' தேடுகிறது. சிவப்பு மையால் வெட்டுவதற்கு முன், பிழை எந்த வாசலால் வந்தது என்று ஆசிரியை கொஞ்சம் பார்க்கவேண்டும். இடையில் ஒன்று: இஃபுக்குப் பின் வில் வரவே கூடாது என்று அடித்துச் சொல்லவும் கூடாது. 'தயவுசெய்து இதில் கையொப்பம் இடுவீர்களானால்' என்ற பணிவான வேண்டுகோளில் ஆங்கிலேயரே வில் போடுகிறார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'எனக்குக் காசு இருந்தால் அந்தக் காணியை வாங்குவேன்.' இந்த வாக்கியத்தைச் சொல்கிறவருக்கு வங்கியில் பணம் வரப்போகிறதா, கனவு காண்கிறாரா? தமிழ் சொல்லாது. முகத்தைப் பார்த்து, குடும்பத்தைத் தெரிந்து நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். ஆங்கிலம் விடாது. வரக்கூடிய காசு என்றால் ஹாவ், வில். வராத காசு என்றால் ஹாட், வுட். வாயைத் திறக்கும் முன் நீ நம்புகிறாயா இல்லையா என்று அது கேட்கிறது. இந்தக் கேள்விதான் பாடம். வகைகளின் இலக்கங்கள் அல்ல.

அதனால் நான் வகுப்பில் இலக்கத்தை விட்டுவிட்டு, எங்கள் ஊர் வசனங்களைக் கொடுத்தேன். மழை பெய்தால் கிணறு ஊறும்: குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைதான் எங்கள் தண்ணீர், இது எப்போதும் உண்மை, இரண்டு பக்கமும் நிகழ்காலம். இந்த ஐப்பசியில் நல்ல மழை பெய்தால் வழுக்கையாறு ஓடும்: நடக்கலாம், வில் போடு. பனையிலே தேங்காய் காய்த்தால் ஏறிப் பறிப்பேன்: நடக்காது, வுட் போடு. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து 'நடக்குமோ, நடக்காதோ' என்று சண்டை பிடிப்பார்கள். 'எனக்கு டொக்டராக இடம் கிடைத்தால்' என்ற வசனத்துக்கு ஒருத்தி வுட் போட்டாள். பக்கத்தில் இருந்தவள் அதை அழித்து வில் ஆக்கினாள். இலக்கணப் பாடத்தில் நான் கண்ட நல்ல நட்பு அது.

இன்னொரு ஆல் இருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. 'விடிஞ்சால் பொங்கல்' என்கிறோம். விடியுமோ விடியாதோ என்று யாரும் யோசிப்பதில்லை. அங்கே இஃப் போட்டால் ஆங்கிலேயர் பயந்துபோவார், வென் போடவேண்டும்.

மூன்றாம் வகையைப் படிப்பிப்பதுதான் கடினம் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் வெறுமையானது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாவற்குழிப் பாலத்தால் நடந்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள். அதன்பின் தென்மராட்சியில் ஒரு கொட்டிலில், இரவலாகக் கிடைத்த கரும்பலகையோடு ஒன்பதாம் வகுப்பு நடந்தது. பாடத்திட்டத்தில் அடுத்தது மூன்றாம் வகை. நடந்து முடிந்ததை நடக்காததாகச் சொல்லும் வாக்கியம். ஆளுக்கு ஐந்து வசனம் எழுதச் சொன்னேன். அந்த வகுப்பில் யாருக்கும் அது கடினமாக இருக்கவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தால் பிழைத்திருக்கும். அப்பாவின் கண்ணாடியை எடுத்து வந்திருந்தால் அவர் பேப்பர் வாசித்திருப்பார். புத்தகங்களைக் கிணற்றடியில் வைக்காமல் இருந்திருந்தால் நனைந்திரா. ஹாட், வுட் ஹாவ் எல்லாம் சரியாக வந்தன.

ஒரு பிள்ளை மட்டும் கொப்பியைக் கொண்டுவந்து மெதுவாகக் கேட்டாள். 'ரீச்சர், அண்ணா அண்டைக்கு எங்களோடை வந்திருந்தால், இப்ப இஞ்சை இருப்பார். இது மூண்டாம் வகையோ, ரெண்டாம் வகையோ?'

எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு இலக்கம் இல்லை. முன்பாதி மூன்றாம் வகை, பின்பாதி இரண்டாம் வகை. காரணம் அன்றைக்கு, விளைவு இன்றைக்கு. ஹாட் கம், வுட் பீ. அப்படியே எழுது பிள்ளை, அது முழுக்கச் சரி என்றேன். அவள் எழுதினாள். அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. கலப்பு நிபந்தனை என்று அதற்குப் பெயர் இருக்கிறது. அந்த வருடம் முதல், பாடத்திட்டத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதையும் சேர்த்தே படிப்பித்தேன். எங்கள் வீடுகளில் அதிகமாகப் புழங்கும் வகை அதுதானே.

பழைய நூல்களிலும் இந்தக் குரல் இருக்கிறது. யோவான் சுவிசேஷத்தில் மார்த்தாள், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்ற பொருள்பட இயேசுவிடம் சொல்கிறாள். கொஞ்ச நேரத்தில் தங்கை மரியாளும் வந்து அதே வாக்கியத்தையே சொல்கிறாள். இரண்டு சகோதரிகள் நாலு நாளாக வீட்டுக்குள் இருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் போலும். பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலர், பின்னாளில் இலக்கணச் சுருக்கம் எழுதியவர், இந்த இடத்தையும் கடந்துதான் போயிருக்கவேண்டும். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் தொடங்கிய காலம் முதல், இரண்டு மொழியின் இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்த மண்ணின் பழக்கம். அந்தப் பழக்கம் எப்போது அறுந்தது என்று தெரியவில்லை. தமிழ் ஆசிரியையும் ஆங்கில ஆசிரியையும் ஓய்வறையில் ஒரே மேசையில் தேநீர் குடிக்கிறோம். வினையெச்சம் பற்றிப் பேசுவதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக இன்னொன்று சொல்லவேண்டும். உங்களில் சிலர் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறீர்கள். பலர் உறவினருக்குத் துணையாக விசாரணைகளுக்குப் போயிருக்கிறீர்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை தகுந்த காரணமுள்ள அச்சத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே கேள்வி எப்போதும் ஒரு நிபந்தனை வாக்கியமாகவே வரும்: 'நீங்கள் திரும்பிப் போனால் என்ன நடக்கும்?' அதற்கு வரும் பதிலில் 'வந்திருப்பார்கள்' என்ற சொல் இருந்தால் கவனமாக இருங்கள். தமிழில் அதற்கு இரண்டு பொருள். ஒன்று ஊகம்: நான் காணவில்லை, ஆனால் வந்துதான் இருப்பார்கள். மற்றது நடக்காத சங்கதி: நான் அங்கே நின்றிருந்தால் வந்திருப்பார்கள், நிற்கவில்லை, வரவில்லை. தொடக்கத்தில் செயலாளர் எதிர்பார்த்திருப்பார் என்று நான் சொன்னது முதலாவது வகை; நீங்கள் யாரும் மாறி விளங்கவில்லை. ஆனால் வீட்டுக்குத் தேடி வந்திருப்பார்கள் என்று ஒரு தாய் ஊகமாகச் சொன்னதை 'தே வுட் ஹாவ் கம்' என்று மாற்றினால், கேட்கும் அதிகாரி அவர்கள் வரவேயில்லை என்று எழுதிக்கொள்ளலாம். ஊகத்துக்கு 'மஸ்ற் ஹாவ்' இருக்கிறது. எது என்று தெரியாவிட்டால் மொழிபெயர்க்க முன் திருப்பிக் கேளுங்கள். பேசுகிறவருக்கும் சொல்லிக் கொடுங்கள்: நிபந்தனையை மனதுக்குள் வைத்துக்கொண்டு பின்பாதியை மட்டும் சொல்லவேண்டாம். 'நான் நின்றிருந்தால்' என்ற முன்பாதியையும் வாயால் சொல்லட்டும். ஊகம் என்றால் 'என்று நினைக்கிறேன்' என்று முடிக்கட்டும்.

அங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் மறுபக்கத்தால் வருகிறார்கள். வுட்டுக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்கிறார்கள். தனிச்சொல் இல்லை, வினையின் வாலில் இருக்கிறது என்று நான் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். அவர்களுக்கும் பனையில் தேங்காய் காய்க்க வைத்துத்தான் தொடங்கவேண்டும். ஆனால் முதலில் பனையைக் காட்டவேண்டி இருக்கிறது.

வருடாவருடம் உங்களில் பலர் எனக்கு எழுதுவீர்கள்: 'ஊருக்கு வந்தால் உங்களைக் கட்டாயம் வந்து பார்ப்பேன், ரீச்சர்.' அந்த 'வந்தால்' வில்லோடு போகிறதா, வுட்டோடு போகிறதா, விடிஞ்சால் பொங்கல் மாதிரி வென்தானா என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இன்றைக்கு இந்த மண்டபத்தில் சிலருடைய வசனத்துக்கு விடை கிடைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரு செய்தி: மார்கழி முழுவதும் நான் வீட்டில்தான் நிற்பேன்; படலை பூட்டுவதில்லை.