தழும்பு இருந்தும் காசநோய் ஏன்?

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



இப்படிப்பட்ட கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "குழந்தை பிறந்த கையோடு பி.சி.ஜி. ஊசி போட்டுவிடுகிறீர்களே டாக்டர், அப்புறமும் ஏன் நம் ஊர்களில் காசநோய் ஒழியவில்லை?" நியாயமான கேள்விதான். இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய தோளிலும் அந்த ஊசியின் தழும்பு இருக்கும்.

இந்தியாவில் இந்த ஊசியின் கதை 1948-ல் ஆரம்பிக்கிறது. சென்னை கிண்டியில் அதைத் தயாரிக்கும் ஆய்வுக்கூடம் அமைந்தது. பல மிஷன்கள் சேர்ந்து நடத்திய ஆரோக்கியவரம் சானடோரியம் இருந்த மதனப்பள்ளியில் அந்த ஆண்டிலேயே ஊசி போடத் தொடங்கினார்கள். எதிர்ப்பும் இருந்தது. 1955-ல் ராஜாஜியே இதை எதிர்த்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆனாலும் வேலை நிற்கவில்லை.

ஊசி உண்மையில் எவ்வளவு காக்கிறது? இங்கிலாந்தில் 1950-ஐ ஒட்டி பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தபோது, நான்கில் மூன்று பங்குக்கு மேல் பாதுகாப்பு கிடைத்தது. நம் ஊரிலும் அப்படியே இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதைச் சரிபார்க்க, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில், 1968 முதல் 1971 வரை ஏறக்குறைய 2,60,000 பேரைச் சேர்த்தார்கள். சிலருக்கு மெய்யான மருந்து, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1979-ல் முதல் முடிவு வெளியானது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை! பதினைந்து ஆண்டுகள் கவனித்த பிறகும் அதே பதில்தான். நம் மண்ணில் வேறு பல சாதுவான கிருமிகள் ஏற்கெனவே உடலைப் பழக்கிவிடுவதால் ஊசியின் பலன் மறைந்துபோகிறது என்பது நிபுணர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று.

அப்படியானால் ஊசியை நிறுத்திவிடலாமே என்று அப்போதே கேட்டார்கள். கூடாது. கைக்குழந்தைக்குக் காசநோய் வந்தால் அது நுரையீரலோடு நிற்பதில்லை. மூளைக்குப் போகிறது, உடல் முழுவதும் பரவுகிறது. பிழைத்த பிள்ளைக்குக் கண்ணோ காதோ போய்விடலாம். பி.சி.ஜி. நன்றாகத் தடுப்பது இந்தக் கொடுமையைத்தான். அதனால்தான் செங்கல்பட்டு முடிவுக்குப் பிறகும் பச்சிளம் குழந்தைகளுக்கு அது தொடர்ந்தது.

ஆனால் ஒரு மாவட்டத்தில் நோயைப் பரப்புவது யார்? குழந்தை இருமினால் சளியில் கிருமி பெரும்பாலும் இருக்காது. பரப்புகிறவர் தாத்தா, அப்பா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர். குழந்தைகளைக் காத்துவிட்டாலும் அந்த ஊற்று அடைபடுவதில்லை. ஆகவே ஊசிக் கொள்கை மாறினால் முதலில் மாறுவது குழந்தைகளின் கணக்கு. ஊரின் மொத்தக் கணக்கு அதிகம் அசையாது.

சுவீடன் தேசம் இதற்கு நல்ல சாட்சி. காசநோய் அருகிவிட்டது என்று 1975-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதை அங்கே நிறுத்தினார்கள். பெரியவர்களிடம் நோய் குறைந்துகொண்டேதான் போயிற்று. ஊசி போடாத குழந்தைகளிடமோ கூடியது. முக்கியமாக, நோய் மிகுந்த நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் வீடுகளில். பிறகு அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளைத் தேடி ஊசி போட்டார்கள். சுவீடனுக்கு அது சரிதான். வீதிக்கு வீதி நோயாளி இருக்கும் நாம் அதைப் பார்த்து நிறுத்த முடியாது.

ஊற்றை அடைக்கும் வழியும் நம் சென்னையிலேயே தெரியவந்தது. 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிடுகிறவரும் சானடோரியத்தில் படுத்திருப்பவரைப் போலவே குணமாகிறார் என்று 1959-ல் நிரூபித்தது. வீட்டில் வைத்ததால் மற்றவர்களுக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகமே அதைப் பின்பற்றியது. 2015-ல் இந்தியாவில் லட்சம் பேருக்கு 237 புதிய நோயாளிகள். 2023-ல் 195 என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஊசித் திட்டம் இந்த ஆண்டுகளில் மாறவில்லை. இரண்டு கணக்கிலும் அது இருக்கிறது.

ஆகையால் நீங்கள் பழகும் வீடுகளில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் இருந்தால், "சின்ன வயதிலேயே ஊசி போட்டாயிற்று" என்று சொல்ல விடாதீர்கள். சளிப் பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள். சளியில் கிருமி இருந்தால், அந்த வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உண்டா என்று கேட்டு, தழும்பு இருந்தாலும் அந்தப் பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். நோய் இல்லை என்று பார்த்த பிறகு, அது வராமல் தடுக்கும் மாத்திரையை நாங்கள் தொடங்க வேண்டும்.